வக்கீலிடம் கேளுங்கள்: ஜெயிலுக்குள் அடி விழுந்தால் யாரிடம் சொல்வது?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிலத்தகராறும் ஜீவனாம்சமும்தான். அவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், வருத்தப்பட வேண்டாம். ஒரு தாயின் கடிதம் எல்லாவற்றுக்கும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. அது தொடர்பாக வேறு சிலர் கேட்டவற்றையும் கூடவே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயசு. ஒரு திருட்டுக் கேசில் ரிமாண்ட் ஆகி 38 நாள் ஆகுது. போன வாரம் மனு போட்டு ஜெயில்ல அவனைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு போனை இடது கையில எடுத்தான். அவனுக்கு வலது கைதான் பழக்கம். "என்ன மக்களே கைக்கு?"ன்னு கேட்டேன். "பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா"ன்னு சொல்லிட்டு, பின்னால நின்ன வார்டரைத் திரும்பிப் பார்த்தான். மறுநாள் அதே பிளாக்கில் இருந்து ஜாமீனில் வந்த ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். சோறு சரியில்லைன்னு கேட்டதுக்கு மூணு பேர் சேர்ந்து லத்தியால அடிச்சாங்க, கீழே தள்ளி சவிட்டினாங்கன்னு சொல்றான். ஜெயில் ஆபீசில் எழுதிக் கொண்டு கொடுத்தேன், வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரல. புகார் அது இதுன்னு போனா ஜாமீன் கிடைக்காதுன்னு ஒருத்தர் சொல்றார். ஜட்ஜே விசாரிப்பார்ன்னு இன்னொருத்தர் சொல்றார். நான் தலைச்சுமையா மீன் விக்கிறவ. யாரிடம் போவேன்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய், குளச்சல் பக்கம்)

பதில்: அம்மா, பத்திரிகை வரும்வரை காத்திருக்கும் விஷயம் இல்லை என்பதால்தான் உங்களிடம் அன்றைக்கே போனில் பேசினேன். அப்போது சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு அம்மாக்களுக்கும் உதவும். எந்தச் சிறை என்பதை எழுதவில்லை, மகன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் மகன் இருப்பது நீதிமன்றத்தின் காவலில். மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்ட வாரண்ட் இருப்பதால்தான் சிறை அவனை உள்ளே வைத்திருக்கிறது. 15 நாளுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு வைத்து ஒவ்வொரு தடவையும் அந்தக் காவலை நீட்டிப்பதும் அதே மாஜிஸ்திரேட்தான். அதனால் "என் பொறுப்பில் உள்ளவனுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கிற உரிமையும் கடமையும் முதலில் அவருக்குத்தான் உண்டு. ஜெயில் ஆபீசில் கையெழுத்து வாங்க இனி அலைய வேண்டாம், நேராக ரிமாண்ட் செய்த ஜே.எம். கோர்ட்டுக்கு, அதாவது அந்த மாஜிஸ்திரேட்டின் கோர்ட்டுக்குப் போங்கள்.

மனுவை அழகாக எழுத வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. என்றைக்கு மகனைப் பார்த்தீர்கள், மணி என்ன, மகன் எந்தக் கையால் போனைப் பிடித்தான், வீங்கியிருந்ததா, என்ன சொன்னான், சொல்லும்போது யாரைத் திரும்பிப் பார்த்தான் என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். ஜாமீனில் வந்த பையன் சொன்னதைத் தனியாக, "இப்படிச் சொல்லக் கேட்டேன்" என்று எழுதுங்கள். அவன் பெயரை அவன் சம்மதம் இல்லாமல் போட வேண்டாம், வாய்தாவுக்கு வந்துபோகிறவன் அவனும். பிறகு கேட்க வேண்டியதைக் கேளுங்கள். மகனை வீடியோவில் காட்டாமல் நேரில் ஆஜர்படுத்த வேண்டும். ரிமாண்ட் நீட்டிப்பு இப்போதெல்லாம் பெரும்பாலும் வீடியோ கான்ஃபரன்ஸிலேயே முடிந்துவிடுகிறது, அந்தக் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பவரே அடித்தவராக இருந்தால் பையன் என்ன சொல்வான்? ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எலும்பு டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், காயத்தைக் குறிக்கும் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டின் காப்பி நேராகக் கோர்ட்டுக்கு வர வேண்டும். அன்றைய சிசிடிவி பதிவை அழிக்காமல் எடுத்துவைக்க உத்தரவிட வேண்டும். விசாரணை முடியும்வரை வேறு சிறைக்கு மாற்ற வேண்டும்.

இதில் அவசரம் எதற்கென்றால், கன்றிப்போன தோல் பத்துப் பதினைந்து நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். எலும்பு உடைந்திருந்தால் எக்ஸ்ரே வாரங்கள் கழித்தும் காட்டிக்கொடுக்கும், தோல் அப்படி இல்லை. சிசிடிவி பதிவோ பழையதன் மேலேயே புதியது ஏறி அழிந்துபோகும்.

இன்னொரு தாள் சிறைக்குள்ளேயே இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. 1894-ஆம் ஆண்டின் சிறைச்சட்டம், வெள்ளைக்காரன் போட்டதுதான், அதன் 24-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், கைதி உள்ளே வரும்போதே மருத்துவப் பரிசோதனை செய்து, உடம்பில் என்னென்ன காயம், என்னென்ன அடையாளம் என்று ஒரு புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். 38 நாளைக்கு முன் உங்கள் மகன் உள்ளே போனபோது அந்தப் புத்தகத்தில் "காயம் இல்லை" என்று இருந்து, இன்று எக்ஸ்ரேயில் மணிக்கட்டு உடைந்திருந்தால், அந்த எலும்பு எங்கே உடைந்தது என்று சொல்ல வேண்டியவர்கள் சிறைக்காரர்கள். அந்தப் புத்தகத்தை வரவழைக்கச் சொல்லியும் மனுவில் கேளுங்கள்.

ஜாமீன் விஷயம். புகார் கொடுத்தவனுக்கு ஜாமீன் கிடையாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, அப்படிச் சொன்னவர் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். ஜாமீன் அந்தத் திருட்டு வழக்கின் தன்மையைப் பொறுத்தது. போலீஸ் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் சாதாரண திருட்டு வழக்கில் ஜாமீன் கேட்பது உங்கள் மகனுக்கு உரிமையாகவே வந்துவிடும். நீங்கள் எழுதிய அன்று 38 நாள். காலண்டரில் குறித்து வையுங்கள்.

திரும்ப அடிப்பார்களா என்று போனில் கேட்டீர்கள், அழுதீர்கள். அடிக்கவே மாட்டார்கள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில், யாரும் கேட்க வராத கைதிதான் அதிகமாக அடி வாங்குகிறான். அவன் பெயர் கோர்ட் ஃபைலில் ஏறி, வாரம் ஒரு முறை ஒரு வக்கீல் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் கை ஓங்குகிறவர் யோசிக்கிறார். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றீர்கள். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி காவலில் இருக்கும் யாருக்கும் இலவச வக்கீல் உண்டு, வருமானச் சான்றிதழ் எல்லாம் வேண்டாம். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், காசு பிடிக்காது. அந்தக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட நீதிபதிதான், அதனால் உங்கள் மனுவின் நகல் ஒன்றை அவர் பெயருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தபால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், கையெழுத்துப் போட மறுத்தவர்களுக்கு அதுதான் பதில்.

இதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. 2024-இல் வேலூர் மத்திய சிறையில் இருந்த ஓர் ஆயுள் கைதியை உயர் அதிகாரியின் வீட்டு வேலைக்கு அழைத்துப் போய், அங்கே பணம் காணாமல் போனது என்று சொல்லித் தனியறையில் அடைத்து அடித்ததாக அவருடைய தாயார் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது காவலில் உள்ளவரைக் கோர்ட் முன் கொண்டுவரக் கேட்கும் மனு போட்டார். உயர் நீதிமன்றம் வேலூர் தலைமை மாஜிஸ்திரேட்டான சி.ஜே.எம்.-ஐ நேரில் போய் விசாரிக்கச் சொன்னது. அவர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு சிறை அதிகாரிகள் உட்பட 14 பேர் மேல் சிபிசிஐடி வழக்குப் பதிவு செய்தது. அதையும் தொடங்கிவைத்தது ஒரு தாய்தான் என்பதை நான் உங்களுக்கு மறுபடி சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி: ஆர்.டி.ஓ. விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை, நீதி விசாரணை, விசாரணை ஆணையம் என்று பேப்பரில் ஆளுக்கொரு மாதிரி போடுகிறார்கள். எல்லாம் ஒன்றா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்)

பதில்: ஒன்றில்லை சார். ஆர்.டி.ஓ. எனும் வருவாய்க் கோட்டாட்சியரோ, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் சப்-கலெக்டரோ விசாரித்தால் அது வருவாய்த்துறை அதிகாரியின் விசாரணை. அவரும் நிர்வாகத்தின் ஓர் அங்கம்தான், கலெக்டருக்குக் கீழே வேலை செய்பவர். நீதித்துறை நடுவர், அதாவது கோர்ட்டில் இருக்கும் மாஜிஸ்திரேட், உயர் நீதிமன்றத்துக்குக் கீழே வருகிறவர். அதனால்தான் காவலில் ஒருவர் இறந்தாலோ, காணாமல் போனாலோ, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாலோ நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்று 2005-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 196-ஆம் பிரிவில் இருக்கிறது.

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? செத்தால் கட்டாய விசாரணை. கை உடைந்தால் கட்டாயம் இல்லை. அந்தத் தாயின் மகன் போன்றவர்களுக்கு மாஜிஸ்திரேட் மனது வைக்க வேண்டும், அல்லது உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும், அல்லது அடித்தவர் மேல் தனிப்புகாராகக் கோர்ட்டில் போட வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் அப்படியே காலாவதியாகிப் போனது. இத்தனை வருஷமாக இதைச் செய்யாமல் வைத்திருப்பது பெரிய தவறு என்பது என் உறுதியான கருத்து.

ஆணையம் என்பது 1952 விசாரணை ஆணையச் சட்டப்படி அரசு அமைப்பது. நம் மாநிலத்தில் சிறைக் கொடுமைக்கென்று நடந்ததில் மறக்கக்கூடாதது நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம். நெருக்கடி நிலையின்போது 1976 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு சென்னை மத்திய சிறையில் மிசா சட்டப்படி விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்ட கைதிகளை அடித்தது பற்றி அந்த ஆணையம் விசாரித்து, அடித்தது உண்மை என்று எழுதியது. கம்பராமாயணத்தில் தோய்ந்தவர் என்று நாம் அறிந்த அதே இஸ்மாயில்தான். ஆனால் ஆணையத்தின் அறிக்கை பரிந்துரைதான், அது யாரையும் தண்டிக்காது. அறிக்கையை வைத்துக்கொண்டு வழக்குப் போடுவதும் போடாததும் அரசின் கையில்.

கேள்வி: திருடினவனுக்கும் குத்தினவனுக்கும் ஏன் சார் இவ்வளவு பரிவு? நாலு அடி விழுந்தால்தான் திருந்துவான்.
(கடைக்காரர், தக்கலை)

பதில்: உங்கள் கடையில் ஏற்கெனவே இரண்டு தடவை பூட்டு உடைந்தது என்று கடிதத்தின் முதல் பாதியில் எழுதியிருக்கிறீர்கள், கோபம் புரிகிறது. தண்டனை கொடுக்க நீதிபதி இருக்கிறார். அவர் கொடுப்பது சிறைவாசம். லத்தி அடி என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதுவதில்லை. தவிர, அந்த அம்மாவின் மகன் மேல் இன்னும் குற்றப்பத்திரிகைகூட வரவில்லை, அவன்தான் திருடினானா என்பதே இனிமேல்தான் தெரிய வேண்டும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 1979-இல் டெல்லி திகார் சிறையில் சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்காக இல்லை. இன்னொரு கைதியிடம், பார்க்க வரும் உறவினர்கள் மூலம் பணம் பறிப்பதற்காக ஒரு வார்டர் அவருடைய ஆசனவாயில் தடியைச் செலுத்திக் கிழித்துவிட்டார் என்று எழுதினார். தூக்குக் கயிறு தலைக்கு மேல் தொங்கும்போது பக்கத்து ஆளுக்காக எழுதியிருக்கிறார், பாருங்கள். சிறைத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? அது மூலநோய், அவனே செய்துகொண்டது என்றெல்லாம் சொன்னது. நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டு, இரண்டு வக்கீல்களை நியமித்துச் சிறைக்குள் அனுப்பிப் பார்க்கச் சொன்னது. கொடுமை நடந்தது உண்மை என்று முடிவு செய்தது. மாவட்ட நீதிபதிகள் சிறைகளுக்குப் போய்க் குறை கேட்க வேண்டும், வக்கீல்கள் உள்ளே போய்க் கைதிகளைப் பார்க்க அனுமதிக்க வேண்டும், சிறைக்குள் புகார்ப் பெட்டி வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தீர்ப்பில் வந்தவை.

தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1948-இல் தலைச்சேரி வக்கீலாக இருந்தபோது ஒரு மாதம் போல உள்ளே இருந்தவர், பிறகு கேரளத்தில் அமைச்சராகச் சிறைத்துறையையும் கவனித்தவர். உள்ளே இருட்டு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கேள்வி: சிறைக்குள் நடப்பதற்கு யார் சாட்சி சொல்வார்கள்? உடன் இருக்கும் கைதிகள் பயப்படுவார்கள், வார்டர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நீதிபதி எதை வைத்து உண்மையைக் கண்டுபிடிப்பார்?
(சட்டக் கல்லூரி மாணவி, பூதப்பாண்டி)

பதில்: நல்ல கேள்வி தங்கச்சி. பதில் பெரும்பாலும் ரிஜிஸ்டர்களில் இருக்கிறது. சிறையில் எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. வாசலில் யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எந்த பிளாக்கில் யாருக்கு டியூட்டி, டாக்டர் யாரை எப்போது பார்த்தார், யாருக்கு எதற்காகத் தண்டனை கொடுத்தார்கள் என்று எல்லாம் எழுத வேண்டும். பொய் சொல்கிறவர்கள் ஒரு நோட்டைத் திருத்துவார்கள், மற்ற நாலையும் திருத்த மறந்துவிடுவார்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தான்" என்று இன்று சொல்கிறவர்கள், அன்றைக்கே டாக்டரிடம் காட்டியிருந்தால் அந்த நோட்டில் அவன் பெயர் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் காட்டவில்லை? அங்கே பிடிக்கலாம்.

ஆட்களும் பேசுவார்கள், நம்புங்கள். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு, கோவில்பட்டி கிளைச்சிறையில் அடைக்கப்பட்டு இறந்தார்களே, அதில் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. கோவில்பட்டி நடுவர் விசாரிக்கப் போனபோது காவல் நிலையத்தில் ஒத்துழைக்கவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்கே எழுத வேண்டியிருந்தது. சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். அதற்கு நடுவில், அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் விடிய விடிய அடித்ததைச் சொன்னார். லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருப்பதைச் சொன்னார். பேசுகிறவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்று தெரிந்தால் உள்ளே இருந்து ஒருவராவது பேசுவார்.

அதே வழக்கில் வலிக்கிற இன்னொரு விஷயம், சிறைக்குப் போகும் முன் ஆஸ்பத்திரியில் காட்டி, ரிமாண்டுக்கு உடல் தகுதி இருக்கிறது என்று சான்றிதழும் வாங்கியிருந்தார்கள். ஆகவே தாளை மட்டும் நம்புகிற நீதிபதியாக நாளைக்கு நீங்கள் ஆகிவிடக்கூடாது, ஆளையும் பார்க்க வேண்டும்.

நான் ஜூனியராக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன், கோர்ட் பெயர் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரிமாண்டுக்கு ஒரு மீனவரைக் கொண்டுவந்தார்கள். "போலீஸ் அடிச்சாங்களா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அப்படிக் கேட்டே ஆக வேண்டும், 1983-இல் ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. "இல்லங்கய்யா" என்றார் அவர். மெடிக்கல் பேப்பரிலும் வெளிக்காயம் இல்லை என்றுதான் இருந்தது. மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். அந்த மனிதர் நின்றது பாதத்தின் வெளி ஓரத்தில், சூடு மணலில் நிற்கிறவர் மாதிரி மாறி மாறி. கூட வந்த போலீஸ்காரர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஸ்டூலைப் போடச் சொல்லி உட்காரவைத்து, காலைத் தூக்கிக் காட்டச் சொன்னார். உள்ளங்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. நான் நின்ற இடத்தில் இருந்தே தெரிந்தது. அன்று ரிமாண்ட் ஆர்டரில் அவர் தன் கைப்பட எழுதிய நாலு வரிதான் பின்னால் அந்த மீனவரின் வழக்கில் நின்று பேசியது. நீங்கள் எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் சரி, அந்த நாலு வரியை எழுதவைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தம்பி விடுதலையாகி நாலு மாதம் ஆகிறது. உள்ளே அடித்ததை இப்போதுதான் சொல்கிறான். இனிப் புகார் கொடுக்க முடியுமா?
(ஒரு வாசகர், இரணியல்)

பதில்: முடியும், ஆனால் இன்னும் தள்ளிப்போடாதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு, சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். கோர்ட்டில் தனிப்புகார் என்றால் சாதாரணக் காயத்துக்கு அதே ஒரு வருடம்தான், எலும்பு முறிவு போன்ற கொடுங்காயமாக இருந்தால் அந்தக் காலக்கெடு தடையாக வராது. வெளியே வந்த பிறகு எந்த டாக்டரிடமாவது காட்டியிருந்தால், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே படம், பில் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். தம்பியை வற்புறுத்திக் கேள்வி கேட்க வேண்டாம், ஒரு நோட்டைக் கொடுத்து அவனுக்கு ஞாபகம் வருகிற வரிசையில் அவனே எழுதட்டும். யார் யார் அதே அறையில் இருந்தார்கள் என்பதை மட்டும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு அவனை நாகர்கோவில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், திங்கட்கிழமையே போங்கள்.